கூடப்பிறந்தவர்கள் எங்கே? தத்துப்பிள்ளையின் கேள்வியும் எமது கடமையும்

இடப்பெயர்வின்போது எதை எடுத்துக்கொண்டு புறப்பட்டீர்கள் என்று எம்மக்களிடம் கேட்டால், பெரும்பாலானோர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், அடையாள அட்டை. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களும், 2009இல் வன்னியின் கடைசி மாதங்களைக் கடந்து வந்தவர்களும் மாடு கன்றுகளை அவிழ்த்துவிட்டார்கள்; நெல் மூட்டைகளை அப்படியே விட்டார்கள்; உழவு இயந்திரத்தையும் நீர்இறைக்கும் இயந்திரத்தையும் விட்டார்கள். ஆனால் பொலித்தீனில் சுற்றிய அந்தப் பத்திரப் பையை இடுப்பை விட்டு இறக்கவில்லை. காணி உறுதியில் நான்கு எல்லையும் எழுதப்பட்டிருக்கும். வடக்கே யாருடைய காணி, கிழக்கே எந்த ஒழுங்கை, தெற்கே எந்த வாய்க்கால் என்பதெல்லாம் தெளிவாக இருக்கும். காணி காடாகிப்போனாலும் அந்தத் தாளை வைத்து எல்லையைக் கண்டுபிடிக்கலாம்.

அதே இடப்பெயர்வில் எமது குடும்பங்கள் சில பிள்ளைகளையும் விட்டுப் பிரிந்தன. தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் உறவினரிடமும், சிறுவர் இல்லங்களிலும், தத்தெடுத்த பெற்றோரிடமும் போய்ச் சேர்ந்தார்கள். மூத்தவன் ஓரிடம், நடுப்பிள்ளை ஓரிடம், கைக்குழந்தை வேறோரிடம் என்று பிரிந்தவர்களும் உண்டு. இப்பிள்ளைகள் வளர்ந்து ஒரு நாள் "எனக்கு அண்ணன் அக்கா இருக்கினமா?" என்று கேட்கும்போது, காட்டுவதற்கு எம்மிடம் எந்தத் தாள் இருக்கிறது? காணிக்கு நான்கு எல்லை எழுதி வைத்த நாம், பிள்ளைக்கு அதன் கூடப்பிறந்தவர்களின் பெயரை எழுதி வைத்தோமா? இக்கேள்வியையே இவ்விதழில் நாம் சிந்திக்க விரும்புகிறோம்.

பிள்ளைகள் பிரிந்த வழிகள்

ஒரு பிள்ளை தன் கூடப்பிறந்தவர்களை விட்டுப் பிரிவதற்குப் பல வழிகள் உண்டு. எந்த வழியால் பிரிந்தது என்பதைப் பொறுத்தே அதைப் பற்றிய தகவல் எங்கே கிடைக்கும் என்பதும் அமையும்.

முதலாவது, வளர்ப்புப் பிள்ளை. பெரியம்மாவோ, மாமாவோ, பிள்ளையில்லாத அயலவரோ எடுத்து வளர்ப்பது. எமது கிராமங்களில் இது சாதாரணம். இதற்கு நீதிமன்றமோ பதிவோ பெரும்பாலும் இருப்பதில்லை. தகவல் முழுவதும் மனிதர்களின் நினைவிலேயே தங்கியிருக்கிறது. அந்த மனிதர்கள் இறந்தாலோ வெளிநாடு போனாலோ தகவலும் அவர்களோடு போய்விடும்.

இரண்டாவது, சிறுவர் இல்லம். இங்கே சேர்ப்புப் பதிவேடும் பிள்ளைக்கென ஒரு கோப்பும் இருக்க வேண்டும். ஆனால் இல்லங்களும் யுத்தத்தில் இடம்பெயர்ந்தன. பிள்ளைகளைக் காப்பாற்றிக் கொண்டுவந்த பொறுப்பாளர்களால் கோப்புகள் எல்லாவற்றையும் கொண்டுவர முடியவில்லை.

மூன்றாவது, சட்டப்படியான தத்தெடுப்பு. சட்ட மொழியில் இதை மகவேற்பு என்கிறார்கள். மாவட்ட நீதிமன்றம் கட்டளையிட்டு, பிள்ளை புதிய பெற்றோரின் பிள்ளையாகிறது. இதில் பதிவு உண்டு. ஆனால் அது பூட்டி வைக்கப்பட்ட பதிவு.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் பல பிள்ளைகளைப் பெற்றோரற்றவர்களாக்கியது. அவர்களின் பராமரிப்பை ஒழுங்குபடுத்துவதற்காக 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் விசேடமாக நிறைவேற்றப்பட்டது. யுத்தம் முடிந்தபின், 2009இன் இறுதியில் யுனிசெப்பின் துணையுடன் வவுனியாவில் குடும்பங்களைத் தேடி இணைக்கும் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. காணாமற்போன பிள்ளையைத் தேடும் பெற்றோருக்காகவே இத்தகைய முயற்சிகள் முதலில் எழுந்தன. பெற்றோர் இறந்துபோன குடும்பத்தில், ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளை போய்க் கேட்பது எமது சிந்தனையில் மிகவும் பிந்தியே வந்தது.

பலர் அறியச் செய்த பழைய வழக்கம்

தத்தெடுப்பு என்றால் இரகசியம் என்று இன்று பலர் நினைக்கிறார்கள். எமது முன்னோர் அப்படி நினைக்கவில்லை. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்த தேசவழமையில் தத்தெடுத்தல் பற்றிய பகுதி ஒன்று உண்டு. பிள்ளையைத் தத்தெடுப்பவர் தம் உறவினரின் சம்மதத்தைப் பெறவேண்டும். மஞ்சள் நீர் வைத்துச் செய்யும் சடங்கில் அந்த உறவினர் தமது சம்மதத்தை எல்லோரும் காணத் தெரிவிக்க வேண்டும் என்பது அவ்வழக்கம். சொத்துரிமையே அதன் முக்கிய நோக்கம் என்பது உண்மைதான். ஆனாலும் அது ஊரறிய நடந்த காரியம். இந்தப் பிள்ளை எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு வந்தது, அதன் கூடப்பிறந்தவர்கள் யார் என்பதை முழு ஊரும் அறிந்திருந்தது.

அந்த வழக்கம் இன்று நடைமுறையில் இல்லை. அதை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று நாம் சொல்லவுமில்லை. தத்துப்பிள்ளையின் பிறப்பை மறைப்பது தமிழர் பண்பாடு என்ற எண்ணம் தவறானது என்பதையே சுட்டிக்காட்ட விரும்புகிறோம்.

சட்டம் பூட்டிய பதிவேடு

இலங்கையில் தத்தெடுப்பை ஒழுங்குபடுத்துவது 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஆகும். அது ஆங்கிலேயச் சட்டத்தின் அச்சிலே வார்க்கப்பட்டது. நீதிமன்றம் கட்டளையிட்ட பின், பதிவாளர் நாயகம் பேணும் தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளின் பதிவேட்டில் அப்பிள்ளை பதியப்படும். பழைய பிறப்புப் பதிவில் தத்தெடுக்கப்பட்டமை குறிக்கப்படும். இந்த இரண்டு பதிவுகளையும் ஒன்றோடொன்று இணைத்துக் காட்டும் புத்தகங்களும் பேணப்படுகின்றன. ஆனால் அவை பொதுமக்களின் பார்வைக்குரியவை அல்ல. நீதிமன்றக் கட்டளை இருந்தாலன்றி அவற்றிலுள்ள தகவல் வெளியே தரப்படுவதில்லை.

சட்டம் ஏன் இப்படிப் பூட்டியது? அதற்கு நல்ல காரணமும் இருந்தது. திருமணமாகாத தாய்மாரை ஊரின் பழிச்சொல்லிலிருந்து காக்கவும், பிறந்த வீட்டார் பின்னர் வந்து பிள்ளையைத் திருப்பிக் கேட்டுத் தொல்லை தராமல் தடுக்கவும், பிள்ளைக்கு நிலையான ஒரு வீடு கிடைக்கவும் இந்த மறைப்பு உதவும் என்று கருதினார்கள். ஆனால் அச்சட்டம் பெற்றோரையும் தத்தெடுப்போரையுமே மனதிற்கொண்டு எழுதப்பட்டது. கூடப்பிறந்த அண்ணனோ அக்காளோ வந்து "என் தங்கை எங்கே?" என்று கேட்டால் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற தனி ஏற்பாடு அதில் இல்லை.

சர்வதேச உடன்படிக்கைகளிலும் இந்தக் குறை ஓரளவு உண்டு. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. அதன் 7ஆம் உறுப்புரை, இயன்றவரை தன் பெற்றோரை அறியும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்கிறது. 8ஆம் உறுப்புரை, பெயரும் குடும்ப உறவுகளும் பிள்ளையின் அடையாளத்தில் அடங்கும் என்கிறது. குடும்ப உறவுகள் என்னும்போது கூடப்பிறந்தவர்களும் அதில் வருகிறார்கள். நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புப் பற்றிய 1993ஆம் ஆண்டின் ஹேக் சமவாயத்தை முதலில் ஏற்ற மூன்று நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அது 1995 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 30ஆம் உறுப்புரை, பிள்ளையின் பிறப்பு மூலம் பற்றிய தகவல்கள் பாதுகாக்கப்பட வேண்டும் என்கிறது. பெற்றோரின் அடையாளத்தையும் மருத்துவ வரலாற்றையும் அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. கூடப்பிறந்தோரைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. 2009இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டிகளிலேதான் இது தெளிவாக வருகிறது. பிள்ளைகளைப் பராமரிப்பில் சேர்க்கும்போது, தெளிவான ஆபத்துப் போன்ற காரணம் இருந்தாலன்றி கூடப்பிறந்தவர்களைப் பிரிக்கலாகாது என்றும், பிரிக்க நேர்ந்தால் அவர்களிடையே தொடர்பு இருக்க முயற்சிக்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன.

எமக்குச் சட்டத்தைத் தந்த இங்கிலாந்தே தன் பூட்டைப் படிப்படியாகத் திறந்தது. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தத்துப்பிள்ளை 18 வயதில் தன் மூலப் பிறப்புப் பதிவை அறியும் உரிமை பெற்றது. 1991இல் தொடர்புப் பதிவேடு ஒன்று தொடங்கப்பட்டது. பிள்ளையும் பிறந்த வீட்டு உறவினரும் தத்தம் விருப்பத்தை அதில் பதியலாம். இருபக்கமும் விரும்பினால் இணைத்துவிடுவார்கள். 2005இன் இறுதியிலிருந்து, வளர்ந்த சகோதர சகோதரிகள் உட்பட உறவினர்கள் இடைநிலை நிறுவனம் ஒன்றின் மூலம் தத்துப்பிள்ளையைத் தேடவும், அவருடைய சம்மதத்தைக் கேட்கவும் வழி பிறந்தது. கதவை உடைக்காமலும் நிரந்தரமாகப் பூட்டி வைக்காமலும் ஒருவர் நடுவில் நின்று இருபக்கச் சம்மதத்தோடு திறக்கும் இந்த ஒழுங்கு எமது நாட்டுக்கும் பொருத்தமானது என்பது எமது கருத்து.

கடல் கடந்து போன பிள்ளைகள்

பதிவு இல்லாமற் போனால் மட்டுமன்றிப் பதிவு பொய்யானாலும் என்ன நடக்கும் என்பதற்கு எமது நாட்டிலேயே பெரிய சாட்சியம் உண்டு. 1970களிலும் 80களிலும் சுமார் 11,000 இலங்கைக் குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள் எனக் கூறப்படுகிறது. நெதர்லாந்துக்கும் சுவீடனுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் வேறு நாடுகளுக்கும் அவர்கள் போனார்கள். சுவிற்சர்லாந்துக்கு மட்டும் 1973 முதல் 1997 வரை 881 குழந்தைகள் போனதாக அந்நாட்டின் ஆய்வு கூறுகிறது. குழந்தை வியாபாரம் பற்றிய செய்திகள் வெளிவந்ததால் 1987இல் இலங்கை அரசு வெளிநாட்டுத் தத்தெடுப்பைத் தற்காலிகமாக நிறுத்தியது. 1992இன் திருத்தச் சட்டம் நிபந்தனைகளை இறுக்கியது.

அக்குழந்தைகள் வளர்ந்து தாயைத் தேடி வந்தபோதுதான் உண்மை வெளியாயிற்று. 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று, நீதிமன்றத்திலே தாயாக நின்ற சில பெண்கள் உண்மைத் தாய்மார் அல்லர், பணத்துக்காகத் தாயாக நடித்தவர்கள் என்பதை வெளிக்கொணர்ந்தது. சுவிற்சர்லாந்து அரசு 2020 டிசம்பரில் தன் அதிகாரிகளின் கவனக்குறைவுக்கு வருத்தம் தெரிவித்தது. நெதர்லாந்து 2021 பெப்ரவரியில் ஆய்வுக்குழுவின் அறிக்கையைப் பெற்று, வெளிநாட்டுத் தத்தெடுப்பையே இடைநிறுத்தியது.

தாளில் எழுதிய தாயின் பெயர் பொய்யானால் அந்தத் தாயின் மற்றப் பிள்ளைகளும் பொய்யாகிவிடுகிறார்கள். அக்கா என்று கட்டியணைத்தவர் அக்கா அல்லர் என்று மரபணுப் பரிசோதனை சொல்லும்போது ஏற்படும் துயரம் சொல்லில் அடங்காது. மறுபுறத்தில், இலங்கையின் ஏதோ ஒரு கிராமத்தில் உண்மையான அக்கா ஒருத்தி இருக்கிறாள். தனக்கு ஒரு தம்பி ஐரோப்பாவில் இருக்கிறான் என்பதே அவளுக்குத் தெரியாது. இதிலிருந்து நாம் கற்பது ஒன்றுதான். பிள்ளையைப் பற்றிய தகவல், கொடுக்கும் நாளிலேயே உண்மையாக எழுதப்பட வேண்டும். பின்னர் தேடி எடுப்பது மிகக் கடினம்.

ஒரு குடும்பத்தின் தேடல்

எமது பணித்தளத்தில் நாம் அறிந்த ஒரு குடும்பத்தைப் பற்றி, பெயரையும் ஊரையும் தவிர்த்துச் சொல்கிறோம். வன்னியில் நெல்லும் உழுந்தும் செய்த குடும்பம். 2009இல் தாயும் தகப்பனும் இறந்தார்கள். பத்து வயது மகன், ஆறு வயது மகள், ஒரு வயதும் நிரம்பாத கைக்குழந்தை ஆகிய மூவரும் அம்மம்மாவோடு முகாமுக்கு வந்தார்கள். அம்மம்மாவால் மூன்று பிள்ளைகளைப் பார்க்க முடியவில்லை. மகனைத் தன்னோடு வைத்துக்கொண்டார். நடுப்பிள்ளை அருட்சகோதரிகளின் இல்லத்துக்குப் போனது. கைக்குழந்தையை வேறு மாவட்டத்துத் தம்பதியர் நீதிமன்றத்தின் மூலம் தத்தெடுத்தார்கள். சில ஆண்டுகளில் அம்மம்மாவும் காலமானார்.

நடுப்பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போகத் தொடங்கியதும் தங்கையைத் தேடினாள். அவளிடம் இருந்தவை தங்கையின் வீட்டுப் பெயரும், முகாமில் ஞானஸ்நானம் நடந்தது என்ற நினைவும் மட்டுமே. முகாமில் பணிசெய்த குருவானவர் எழுதிய ஞானஸ்நானப் பதிவு பங்கின் அலுவலகத்தில் கிடைத்தது. அதில் தாய் தகப்பன் பெயரோடு ஞானத்தாயின் பெயரும் இருந்தது. ஞானத்தாயைக் கண்டுபிடித்தபோது, எந்த நீதிமன்றத்தில் எந்த ஆண்டு தத்தெடுப்பு நடந்தது என்பது தெரியவந்தது. அதற்கு மேல் நாமும் போகவில்லை, அவளையும் போகவிடவில்லை. மாகாண நன்னடத்தை உத்தியோகத்தரிடம் விடயத்தை ஒப்படைத்தோம்.

உத்தியோகத்தர் தத்துப் பெற்றோரை இரகசியமாகச் சந்தித்தார். அவர்கள் முதலில் பயந்தார்கள். பிள்ளைக்கு எதுவுமே சொல்லியிருக்கவில்லை. "எங்கட பிள்ளையைக் கொண்டு போகவே வருகினம்?" என்று தாய் அழுதார். அக்காள் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். அதில் அவள் எதையும் கேட்கவில்லை. "அவவுக்கு நான் இருக்கிறன் எண்டு தெரிஞ்சாப் போதும், பாதர்" என்றுதான் எம்மிடமும் சொன்னாள். ஒரு வருடத்துக்கு மேல் பேசிய பின், பிள்ளையின் பதினைந்தாவது வயதில் பெற்றோரே அவளுக்கு உண்மையைச் சொன்னார்கள். அவள் அழுது முடித்துக் கேட்ட முதற் கேள்வி, "அண்ணாவும் இருக்கிறாரா?" என்பதாம். இப்போது மூவரும் உத்தியோகத்தர் மூலம் கடிதமும் படமும் பரிமாறுகிறார்கள். சாதாரணதரப் பரீட்சை முடிந்தபின் சந்திக்கலாம் என்று தத்துத் தகப்பனே சொல்லியிருக்கிறார்.

இந்தக் குடும்பத்துக்கு வழி திறந்தது ஒரு பதிவேட்டில் இருந்த இரண்டு வரி. யாரோ ஒருவர் முகாமின் தகரக் கொட்டகைக்குள் இருந்து, வியர்வை துடைத்தபடி, சரியாக எழுதிய இரண்டு வரி.

அறிவது ஏன் அவசியம்

மனித உறவுகளுள் நீண்ட காலம் நிலைப்பது கூடப்பிறந்த உறவு. பெற்றோர் எமக்கு முன் போய்விடுவார்கள். மனைவியும் பிள்ளைகளும் பின்னர் வருவார்கள். சிறு வயது முதல் முதுமை வரை கூட வரக்கூடியவர்கள் அண்ணன் தம்பி அக்கா தங்கைமாரே. பெற்றோரை இழந்த பிள்ளைக்கு, அப்பாவின் முகம் எப்படி இருந்தது, அம்மா என்ன பாட்டுப் பாடித் தூங்க வைத்தார் என்பதைச் சொல்லக்கூடியவர் மூத்த சகோதரர் மட்டுமே.

திருமணமும் இன்னொரு காரணம். எமது சமூகத்தில் முறை பார்த்தே சம்பந்தம் பேசுகிறோம். சகோதர சகோதரியர் திருமணம் செய்வதை நாட்டுச் சட்டமும் தடுக்கிறது, திருச்சபைச் சட்டத்தின் 1091ஆம் இலக்கமும் தடுக்கிறது. தத்தெடுப்பால் வரும் உறவையும் 1094ஆம் இலக்கம் தடையாகக் கொள்கிறது. ஒரே பிரதேசத்தில் பிரிந்து வளர்ந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் அறியாமல் இருந்தால் முறையை யார் பார்ப்பது? பரம்பரை நோய் பற்றிய தகவலும் இவ்வாறே. சிறுநீரக மாற்று, எலும்பு மச்சை மாற்று ஆகியவை தேவைப்படும்போது வைத்தியர்கள் முதலில் விசாரிப்பது கூடப்பிறந்தோரைப் பற்றித்தான்.

தகவல் தத்துப்பிள்ளைக்கு மட்டும் தேவைப்படுவதில்லை. வீட்டில் மீந்த பிள்ளையும் காயப்பட்டே இருக்கிறது. "தங்கச்சியைக் கொடுத்தவை, என்னை ஏன் கொடுக்கேல்லை?" என்றோ, "என்னால்தான் கொடுத்தவையோ?" என்றோ அது மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும். பெரியவர்கள் பேசாமல் இருந்தால் பிள்ளை மறந்துவிடும் என்பது எமது நம்பிக்கை. பிள்ளை மறப்பதில்லை, கேட்பதை நிறுத்திவிடுகிறது.

திருவிவிலியமும் இதை அறியும். குழந்தை மோசேயைப் பேழையில் வைத்து நாணற்புதரில் விட்டபின், அவனுக்கு என்ன நேருமோ என்று தூரத்தில் நின்று பார்த்தவள் அவனுடைய அக்காள். அவள் அங்கே நின்றதாலேயே மோசே தன் தாயிடமே பால் குடித்து வளர்ந்தான். அரண்மனைப் பிள்ளையாக வளர்ந்தும் தன் இனத்தாரை அறிந்திருந்தான். பிற்காலத்தில் பாலைநிலத்தில் அவனைத் தேடிச் சென்று முத்தமிட்டவர் அண்ணன் ஆரோன். எகிப்தில் பெரும் அதிகாரியாக இருந்த யோசேப்போ, தன் தாயின் மகன் பெஞ்சமினைக் கண்டபோது அழுகையை அடக்க முடியாமல் உள்ளறைக்குப் போய் அழுதார். அதிகாரமும் வசதியும் கூடப்பிறந்த பாசத்தை மாற்றவில்லை.

இரு தரப்பு அச்சங்கள்

தத்துப் பெற்றோரின் அச்சத்தை நாம் அலட்சியம் செய்யக்கூடாது. இரவு பகல் கண்விழித்து வளர்த்தவர்கள் அவர்கள். பிள்ளை தம்மை விட்டுப் போய்விடும் என்று அவர்கள் அஞ்சுவது இயல்பு. ஆனால் நாம் கண்ட அளவில், அன்போடும் உண்மையோடும் வளர்ந்த பிள்ளை உறவு தெரிந்ததால் பெற்றோரை விட்டுப் போனதில்லை. மாறாக, கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோ யாரோ ஒருவரின் வாயால் திடீரென அறிந்த பிள்ளையே மனமுடைந்து விலகியது.

பெற்ற தாயின் நிலையும் வேறு. திருமணத்துக்கு முன் ஒரு பிள்ளையைப் பெற்றுக் கொடுத்த பெண், பின்னர் குடும்பமாகி, அதைப் பற்றி யாருக்கும் சொல்லாமல் வாழ்ந்துகொண்டிருக்கலாம். வன்முறைக்குள்ளாகிப் பிள்ளை பெற்றவராகவும் இருக்கலாம். அவருடைய மற்றப் பிள்ளைகளிடம் நேரே போய் "உங்களுக்கு இன்னொரு சகோதரன் இருக்கிறான்" என்று சொல்வது, அத்தாயின் வாழ்வையே குலைத்துவிடும். அறியும் உரிமை ஒன்று. அடுத்தவர் வாசலில் போய் நிற்கும் உரிமை வேறு. ஆகவேதான் நடுவில் நம்பிக்கையான ஒருவர் இருந்து, முதலில் கேட்டு, சம்மதம் பெற்று, மெல்ல மெல்ல இணைக்க வேண்டும். மறுபக்கம் "வேண்டாம்" என்று சொன்னால் அதையும் மதிக்க வேண்டும். ஆனால் பதிவை மட்டும் அழிக்கக்கூடாது. இன்று வேண்டாம் என்பவர் பத்து வருடத்தின் பின் கேட்டு வரலாம்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பிள்ளையைக் கொடுத்த குடும்பங்களும் உறவினரும். பத்திரப் பைக்குள் இன்னுமொரு தாளை வையுங்கள். பிள்ளையின் முழுப்பெயர், வீட்டுப் பெயர், பிறந்த திகதி, பிறந்த வைத்தியசாலை. தாய் தகப்பனின் முழுப்பெயரும் பூர்வீக ஊரும். கூடப்பிறந்தவர்களின் பெயரும் வயதும் ஒழுங்குமுறையில். ஒவ்வொருவரும் எங்கே, எந்தத் திகதியில், யார் மூலம் போனார்கள். இல்லத்தின் பெயர், நீதிமன்றம், வழக்கு இலக்கம். ஞானஸ்நானம் நடந்த கோவில், ஞானப்பெற்றோர். படம் இருந்தால் ஒரு பிரதி. இப்படி மூன்று தாள் எழுதி, ஒன்றை வீட்டிலும், ஒன்றை வேறு ஊரில் உள்ள நம்பிக்கையான உறவினரிடமும், ஒன்றைப் பங்குத்தந்தையிடம் மூடிய உறையிலும் வையுங்கள். எழுத முடியாத முதியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம்.

இரண்டாவது, தத்தெடுத்தோரும் தத்தெடுக்க எண்ணுவோரும். பிள்ளைக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று நன்னடத்தை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். இயன்றால் அவர்களை ஒன்றாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். பிள்ளையோடு வந்த சட்டை, தடுப்பூசி அட்டை, படம், கடிதம் எதையும் எறியாதீர்கள். தத்துப்பிள்ளை என்பதைச் சிறு வயதிலேயே கதைபோலச் சொல்லத் தொடங்குங்கள்; பருவ வயதில் ஒரேயடியாகச் சொல்வதை விட இது எளிது.

மூன்றாவது, தேடுவோர். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும், மாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்திலும் முதலில் கேளுங்கள். இல்லத்தின் சேர்ப்புப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, படித்த பாடசாலையின் சேர்வு இடாப்பு ஆகியவை உதவும். தத்தெடுப்புப் பதிவைத் திறக்க மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். யுத்தத்தில் தொடர்பறுந்தோருக்குச் செஞ்சிலுவையின் தேடல் சேவையும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஒரு திணைக்களத்தின் நடைமுறை என்ன என்பது போன்றவற்றை எழுத்தில் கேட்கலாம். பிறருடைய தனிப்பட்ட விபரங்களுக்கு அச்சட்டம் வரம்பு வைத்துள்ளது.

செய்யக்கூடாதவையும் உண்டு. பணம் கேட்கும் தரகரிடம் போகாதீர்கள். சிறு பிள்ளையின் படத்தை முகநூலில் போட்டுத் தேடாதீர்கள். பாடசாலை வாசலில் போய் நிற்காதீர்கள். உருவ ஒற்றுமையை மட்டும் நம்பாதீர்கள். மரபணுப் பரிசோதனையிலும், சகோதரர் இருவரை மட்டும் ஒப்பிடுவது எப்போதும் முடிந்த முடிவைத் தராது. தாயோ தகப்பனோ உயிரோடிருந்து சேர்ந்து பரிசோதித்தால் முடிவு உறுதியாகும்.

நான்காவது, பங்குகளும் இல்லங்களும். திருச்சபைச் சட்டத்தின் 877ஆம் இலக்கம், தத்துப்பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவில் தத்தெடுத்தோரின் பெயரையும், நாட்டின் குடிப்பதிவில் அவ்வாறு எழுதப்படுமானால் ஆயர் பேரவையின் விதிகளுக்கு அமையப் பெற்றோரின் பெயரையும் எழுதச் சொல்கிறது. இப்பதிவேடுகளைக் கரையானுக்கும் மழைக்கும் விடாமல் பிரதி எடுத்து வைப்பது எமது கடமை. இல்லம் ஒன்று மூடப்படும்போது கோப்புகளை எரிக்காமல் திணைக்களத்திடமோ மறைமாவட்டத்திடமோ எழுத்தில் ஒப்படைக்க வேண்டும். இல்லத்தில் இருக்கும் பிள்ளைகளின் கூடப்பிறந்தவர்கள் வேறு இல்லத்தில் இருந்தால், விடுமுறையிலாவது அவர்கள் சந்திக்க ஒழுங்கு செய்ய வேண்டும்.

சட்டம் திருந்த வேண்டும் என்றும் நாம் கேட்க வேண்டும். வளர்ந்த சகோதரர்கள் தமது விருப்பத்தைப் பதியக்கூடிய தொடர்புப் பதிவேடு ஒன்றும், இருபக்கச் சம்மதத்தையும் பெறப் பயிற்சி பெற்ற உத்தியோகத்தரும் எமது நாட்டுக்குத் தேவை. ஆனால் சட்டம் திருந்தும்வரை எமது பிள்ளைகள் வளராமல் காத்திருக்க மாட்டார்கள். 2009இல் கைக்குழந்தைகளாய் இருந்தவர்கள் இன்று வாலிப வயதில் நிற்கிறார்கள். ஊர்க் கதை தெரிந்த அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நினைவு இருக்கும்போதே, இந்த வாரத்திலேயே, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதைத் திகதியோடு எழுதி வையுங்கள்.